இரும்புக்குள் ஓடிய கோடு

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவின் கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் என் வீட்டுக்காரர் மெஷின் பழுது பார்க்கும் பிட்டராக இருந்தார். நான் அங்கேயே தூள் சலித்தேன். நாலாம் வகுப்போடு நின்றவள். எதற்கெடுத்தாலும் பயம். மழை வலுத்தால் மண் சரியுமோ, ஃபேக்டரிச் சங்கு தாமதித்து ஊதினால் யாருக்கு என்ன ஆனதோ என்று வாசலுக்கு ஓடுவேன். "நீ பயப்படுறதுக்கே தொரைகிட்ட தனிச் சம்பளம் கேக்கலாம்லா" என்று அவர் கேலி செய்வார். தோட்டத்து மானேஜரைத்தான் தொரை என்போம்.

ஒருநாள் இலை உருட்டும் மெஷினின் தண்டு உடைந்து அவர் நெஞ்சில் அடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகையில், பிரிஞ்சாங் டவுனைத் தாண்டுவதற்குள் லோரியிலேயே உயிர் போய்விட்டது.

காரியம் முடிவதற்குள் பேச்சு கிளம்பியது. சில நாள் முன்பு வளைந்துபோன அந்தத் தண்டை நிமிர்த்த, இலை காய வைக்கும் அடுப்பில் பழுக்கப் போட்டவர் அவர்தான். மறந்துபோய் மறுநாள்வரை அதிலேயே விட்டுவிட்டார், இரும்பு கெட்டுவிட்டது, தன் சாவைத் தானே தேடிக்கொண்டார் என்றார்கள்.

அவர் மறக்கவில்லை. தண்டை அடுப்பில் போட்ட அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னார். "தண்ட எடுக்கணும்னா அடுப்ப அணைக்கணும். இலை குமிஞ்சி கெடக்கு, அணைக்காதேன்னுட்டாரு தொரை. தம்பியும் பக்கத்துலதான் நின்னான்." தம்பி என்றால் என் கொழுந்தன். அந்த அடுப்புக்கு விறகு போடுகிறவர்.

விபத்தை விசாரிக்க ஈப்போவிலிருந்து ஒரு தமிழ் எஞ்சினியர் வந்தார். உடைந்த தண்டில் இரண்டு துண்டு வெட்டிக்கொண்டு போனார். அவற்றைக் கண்ணாடிபோல் தேய்த்து, திராவகம் பூசி, பெரிதாக்கிப் படமெடுத்துத் திரும்ப வந்தார். ஆபீசில் துரை, கொழுந்தன், நான்.

படத்தைப் பார்த்ததும் மேட்டிலிருந்து பார்க்கிற தேயிலைக் காடுதான் நினைவுக்கு வந்தது. துண்டு துண்டாக, நடுவில் கோடுகள். இரும்புக்குள்ளும் மணி மணியாக இருக்குமாம். மணியும் மணியும் ஒட்டுகிற எல்லைதான் அந்தக் கோடு.

"இது நெருப்புக்கு வெளிய நீட்டிக்கிட்டிருந்த முனைம்மா" என்று எஞ்சினியர் ஒரு கோட்டின்மேல் நூலை வளைத்து வளைத்து வைத்தார். பிறகு நூலை இழுத்து அடிக்கோலில் பிடித்தார். நேராக அளந்ததைவிட நூல் நன்றாக நீண்டிருந்தது. "இப்படிச் சொரசொரன்னு இருந்தா ஒண்ண ஒண்ணு கவ்விக்கும். விரிசல் லேசுல ஓடாது."

அடுத்த படம் உடைந்த இடம். மணிகள் வீங்கிப் பெருத்திருந்தன. கோடு வழவழவென்று நேராகப் போனது. நூலும் அடிக்கோலும் ஏறக்குறைய ஒன்றாகவே நின்றன. "ரொம்ப நேரம் நெருப்புல கெடந்திருக்கு."

"அவரு எடுக்கத்தான் பாத்தாருங்க. அடுப்ப அணைக்க விடல" என்றேன். துரைக்குத் தமிழ் புரியும். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெருப்புல கெடந்தத படம் சொல்லும்மா. யார் விட்டதுன்னு சொல்லாது. அப்ப கூட யாராச்சும் இருந்தாங்களா?"

நான் கொழுந்தனைப் பார்த்தேன். "தம்பி, நீங்கதானே நின்னீங்க. சொல்லுங்க தம்பி."

அவர் குனிந்து விரல் கரியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "எனக்கு ஞாபகம் இல்ல அண்ணி."

அவருக்கும் பிள்ளைகள் உண்டு. வேலை போனால் தோட்டம் கொடுத்த லைன் வீடும் போகும். எனக்கு அது புரிந்தது. புரிந்ததால் வலி குறையவில்லை.

ஆயுத பூஜைக்குப் புதுத் தண்டுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். கங்காணி புது பிட்டரின் தோளைத் தட்டி, "முன்ன இருந்தவன் மாதிரி மறந்துறாத லா" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கொழுந்தன் சிரிக்கவில்லை. பொரிகடலைத் தட்டை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம்தான் வந்தார்.

"அண்ணி" என்றார். குனிந்தபடியே தட்டை நீட்டினார்.

முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டேன்.