திரையில் இருந்தவருக்கு ஒரு சாயா

அதிவேக இணையத் தொடர்பு வந்தால் வகுப்புகள் எப்படி மாறும் என்று காட்ட, எங்கள் பல்கலைக்கழகம் மட்டாஞ்சேரியில் ஒரு மண்டபத்தில் விழா நடத்தியது. தொலைவில் உள்ள களமசேரி வளாகத்தில் இருந்தபடியே பேராசிரியர் திரையில் பேசினார். பிறகு கேள்வி கேட்கச் சொன்னார். யாரும் வாய் திறக்கவில்லை. இரு பக்கமும் பேசலாம் என்று காட்டத்தான் விழாவே. ஏற்பாடு செய்தவன் நான்.

அன்று சாயா கொடுக்க வந்திருந்த அக்காவுக்கு ஒடிசலான உடம்பு, பெரிய மூக்குத்தி. ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, “மதுரம் போடட்டா?” என்று கேட்டுத்தான் சர்க்கரை போட்டார். எல்லோருக்கும் கொடுத்து முடித்தவர், காலி கிளாஸோடு திரைக்கு முன்னால் போய் நின்றார்.

“அக்கா, சார் களமசேரியில இருக்காரு,” என்றேன்.

“இருக்கட்டும் தம்பி. நம்மளப் பாத்துட்டுத்தானே இருக்காரு? அவரை வச்சுக்கிட்டு நாம மட்டும் எப்படிக் குடிக்கறது?” என்றவர், திரையை நிமிர்ந்து பார்த்தார். “சாரே, மதுரம் போடட்டா?”

“வேண்டா சேச்சி, எனக்கு ஷுகர் உண்டு,” என்றார் பேராசிரியர்.

மண்டபமே சிரித்தது. அதன்பிறகு கேள்விகள் ஓயவில்லை.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கிளாஸில் சர்க்கரை போடாமல் சாயா ஊற்றித் திரைக்குக் கீழே வைத்து, ஆறிவிடாமல் ஒரு தட்டால் மூடினார். நிஜமாகத்தான் செய்தாரா, எங்களைக் கிண்டலடித்தாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.