ஒரு சீடி மீன்

கானாவின் குமாசிச் சந்தையில் அஃப்ரியே பதினெட்டு வருஷம் புகைபோட்ட மீன் விற்றாள். லாரி கவிழ்ந்து புருஷன் போனபிறகு அதுதான் அவளுக்குச் சோறு. வாராவாரம் கடற்கரைக்குப் போய்க் கூடை கூடையாக ஏற்றிவருவாள். சிரிக்கத் தெரியாதவள் என்று பேர். ஆனாலும் நல்ல மீனுக்கடியில் கெட்டதை ஒருநாளும் வைத்ததில்லை.

அந்த வருஷம் டீசல் ஏறியது, லாரிக் கூலி ஏறியது, மீனும் ஏறியது. அந்த நாட்டுப் பணத்தில் மூன்று சீடிக்கு வாங்கியதை நாலுக்கு விற்றாள். ஜனங்கள் வியாபாரிகளைத்தான் வைதார்கள். கண்ணெதிரே இருந்தவர்கள் அவர்கள்தானே.

ஆட்சியைப் பிடித்திருந்த ராணுவம் உத்தரவு போட்டது: மீன் ஒரு சீடி. ஒரு காலையில் சிப்பாய்கள் சந்தையை வளைத்தார்கள். ஒருவன் அஃப்ரியேயின் முன்னால் வந்து நின்றான்.

“என்ன வெலைடி?”

“வாங்குனதே மூணுங்கய்யா. ஒண்ணுக்கு வித்தா மறுபடி எதை வச்சு வாங்குவேன்?”

“கொள்ளைக்காரிக்குப் பேச்சு வேறயா?”

அவளைப் பெஞ்சில் குப்புறப் போட்டு இருபத்துநாலு அடி. மீனைச் சிப்பாயே ஒரு சீடிக்கு விற்றான். கூட்டம் கைதட்டியது. பக்கத்து வீட்டுச் செர்வா முண்டியடித்து ஆறு மீன் வாங்கினாள். அஃப்ரியேயின் பக்கம் திரும்பவேயில்லை.

மிஞ்சிய காசுக்குக் கடற்கரையில் அரைக்கூடைகூடத் தேறாது. மற்ற வியாபாரிகளும் போகவில்லை. மீனவர்கள் நல்ல விலை கிடைக்கும் பக்கத்து நாடான டோகோவுக்குப் படகைத் திருப்பினார்கள். சந்தைப் பலகைகள் காய்ந்து கிடந்தன.

மழைக்காலத்தில் செர்வா வந்தாள். அவள் மகளுக்குக் கால் வீங்கி, முடி செம்பட்டையாகியிருந்தது. மாசக்கணக்கில் வெறும் மரவள்ளி தின்ற உடம்பு.

“அக்கா, ஒரு மீன் இருந்தா குடு. டாக்டர் மீனு, முட்டை குடுக்கச் சொல்றாரு. அஞ்சு சீடி தர்றேன். பத்துன்னாலும் தர்றேன்.”

“அன்னைக்கு ஒரு சீடிக்கு வாங்குனியேடி.”

“எல்லாரும் வாங்குனாங்கக்கா...”

“எங்கிட்ட இல்ல செர்வா. இருந்தா சும்மாவே குடுப்பேன்.” சட்டியைத் திறந்து காட்டினாள். உப்புத் தண்ணீரில் நாலு கீரை மிதந்தது.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சிப்பாயின் மச்சான் ஒளித்து விற்பதாகக் கேள்விப்பட்டு இருவரும் போனார்கள். மீன் பன்னிரண்டு சீடி. செர்வா தோட்டைக் கழற்றிக் கொடுத்து இரண்டு வாங்கினாள். பிள்ளை ஒன்றைத்தான் தின்றது. நாலாம் நாள் போய்விட்டது.

அடக்கம் முடிந்த வாரமே அஃப்ரியே எல்லை தாண்டினாள். மேற்கே அடுத்த நாட்டின் அபிஜான் நகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினாள்.

“மீன் பாத்து வாங்கத் தெரியுமா?” என்று முதலாளியம்மா ஒருதரம் கேட்டாள்.

“தெரியாதுங்க” என்றாள் அஃப்ரியே.