அப்பாதுரை காலில் கட்டிய பட்டை

பெருமுக்கல் கெங்கம்மாளின் பிடிவாதம் ஊருக்கே தெரியும். மல்லாட்டைக் கொல்லையில் பாம்பு சீறினபோதும், பிடித்த கடலைச் செடியைப் பிடுங்கிவிட்டுத்தான் நகர்ந்தவள். அப்படிப்பட்டவளையே விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பட்டை பயமுறுத்திவிட்டது.

அவள் புருஷன் அப்பாதுரை நுரையீரலில் சளி கட்டி, வாயில் குழாயோடு தீவிர சிகிச்சை அறையில் கிடந்தார். காலையில் பார்க்க விட்டபோது போர்வையை விலக்கினாள். கணுக்காலில் ஏதோ பட்டை கட்டியிருந்தது. உயிர் போனவருக்குத்தானே காலைக் கட்டுவார்கள்? பதறிப்போய் நெஞ்சில் கை வைத்தாள். துடித்துக்கொண்டுதான் இருந்தது. யாரையும் கேட்கவில்லை. பட்டையை அவிழ்த்துச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அன்றைக்கு மாட்டைப் பார்க்க ஊருக்குப் போக வேண்டியிருந்தது. திண்டிவனத்தில் பஸ் மாறிப் போனாள். பால் கறந்தாள், புல்லறுத்தாள், மலைமேல் கோயிலுக்கு ஏறி வேண்டிக்கொண்டாள். திரும்பும்போது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில்தான் உறைத்தது, ஆஸ்பத்திரிப் பொருளைத் தூக்கி வந்துவிட்டோமே என்று. சாயங்காலம் அதைக் காலில் கட்ட மனம் வராமல், புருஷனின் மணிக்கட்டில் சத்தமில்லாமல் மாட்டிவிட்டாள்.

நோயாளிகளுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கும் வெண்ணிலா வந்து, பட்டையின் அருகே போனைப் பிடித்தாள். போனில் அசைவைக் காட்டும் கோடு பகல் முழுக்க ஏறி இறங்கியிருந்தது.

"ஐயா இன்னிக்கு எழுந்து நடந்தாருங்களா?"

நர்ஸ் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். குழாயோடு கிடக்கிற மனுஷன் எங்கே நடப்பார்?

வெண்ணிலா விளக்கினாள். படுத்தே கிடந்தால் சதை கரைந்துவிடும். அவராகக் காலை அசைக்கிறாரா என்று இந்தப் பட்டை அளந்து சொல்லும். அசைத்திருந்தால் நாளைக்கே உட்கார வைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம்.

கெங்கம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது. மலையேறி எதை வேண்டினாளோ, அதையே இடுப்பில் செருகிக்கொண்டு போய்க் கெடுத்திருக்கிறாள்.

"நடந்தது அவரு இல்ல பாப்பா. நானு."

வெண்ணிலா பட்டையைக் கழற்றிக் காலுக்குக் கொண்டுபோனாள். கெங்கம்மாள் மறித்தாள். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் தன் கையால்தான் கட்டுவேன் என்று அடம்பிடித்துக் கட்டினாள். கட்டின கையோடு பாதத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். போனில் கோடு எகிறியது.

"கைய எடுங்கம்மா. இது உங்க கணக்கு."

எடுத்தாள். கோடு தரையோடு தரையாகப் படுத்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் புருஷன் காதருகே குனிந்தாள்.

"யோவ், இன்னிக்குப் பால உனக்கு ஆகாத பங்காளி குமரேசன் வூட்டுக்குத்தான் ஊத்திட்டு வந்தேன். கோவம் வந்தா எழுந்து வந்து கேளு."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கோடு மெல்லத் தலைதூக்கியது. போர்வைக்குள் கால் ஒரு உதை உதைத்தது.

வெண்ணிலா திகைத்துப்போய்த் திரும்பிப் பார்த்தாள். கெங்கம்மாள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"நான் தொடல பாப்பா. சத்தியமா நான் தொடல."