கலியபெருமாள் அண்ணன் பிடுங்கிய பிளக்

2007 நவம்பர் 14, புதன்கிழமை, காலை ஆறு இருபது. என் கைபேசியில் ஒன்பது அழைப்புகள் தவறியிருந்தன. முதல் மாடி ராசேந்திரன் ஐந்து, இரண்டாம் மாடி பழனிவேல் நான்கு. ஒரே வீட்டின் இரண்டு தளங்கள். அந்த வீட்டுக்கு நெட்டு லைன் போட்டவன் நான். எண்களைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. மறுபடியும் நெட்டு போய்விட்டது, மறுபடியும் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு பஸ் ஏற வேண்டும் என்று நினைத்தேன். திருப்பி அழைத்தபோது ராசேந்திரன், "பெரியண்ணன் போயிட்டாருங்க" என்றார். ஐந்து நிமிடம் கழித்துப் பழனிவேல் அழைத்து அதையே சொன்னார். ராசேந்திரன் ஏற்கெனவே சொல்லிவிட்டார் என்பது அவருக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் எந்தச் செய்தியும் இரண்டு தடவைதான் வரும்.

கலியபெருமாள் அண்ணனை, இந்த நினைவு மலரைப் படிக்கும் லாரிக்காரர்களான உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளை ஓட்டிச் சம்பாதித்து மூன்று தளத்தில் வீடு கட்டினார். மனைவி இறந்தபின் கீழ்த்தளத்தில் தனியாக இருந்தார். மேல் தளங்களைத் தம்பிகளுக்குக் கொடுத்தார். ஆலத்தியூர் சிமென்ட் ஆலை லோடு வரிசையில் யார் லாரி முதலில் நிற்பது என்று சண்டை போட்டு, அந்தத் தம்பிகள் இருவரும் பேச்சை நிறுத்தி, வீடு கட்டும்போதே இரண்டு வருடம் ஆகியிருந்தது. இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

வீட்டு வேலை நடக்கும்போதே, வீடு முழுவதற்கும், பின்னால் இருக்கும் லாரி ஷெட்டுக்கும் நெட்டு வேண்டும் என்று கூப்பிட்டார். நான் திட்டம் போட்டேன். தளங்களுக்குச் சாதாரண ஈதர்நெட் கேபிள். ஷெட் இருநூறு மீட்டருக்கு மேல். ஈதர்நெட் நூறு மீட்டரைத் தாண்டாது, ஐப்பசி இடிக்கும் தாங்காது. அதனால் அங்கே மட்டும் ஃபைபர். லைன்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி மாடிப்படித் திருப்பத்தில், மூன்று தளத்துக்கும் நடுவில், காற்றோட்டமாக. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர் சொன்னார்.

"ஏன் தம்பி, வூட்டு ஆளுங்களுக்குச் செம்புக் கம்பி, ஷெட்டுக்குக் கண்ணாடிக் கம்பியா? ஷெட்டுதான் மாப்பிள்ளையா?"

தூரக் கணக்கை விளக்கினேன். தலையாட்டினார். பிறகு, "பெட்டி மட்டும் என் ரூம்ல இருக்கட்டும்" என்றார். அவர் அறைதான் லாரி ஆபீஸாகவும் இருக்கப் போகிறது. ஜன்னலைத் திறந்தால் சுண்ணாம்புத் தூசு. பெட்டி ஆறு மாதத்தில் மூச்சடைத்துவிடும் என்றேன். "நானே அதுலதான் முப்பது வருசமா மூச்சு விடுறேன்" என்றார்.

கான்கிரீட் போடும் நாளில் விஷயம் முடிந்தது. தளத்துக்குள் போகும் குழாய்களைக் கான்கிரீட்டுக்கு முன்பே கட்டியாக வேண்டும். ஒன்பது மணிக்கு வருகிறேன், அதுவரை தொடாதீர்கள் என்று சொல்லியிருந்தேன். நான் போனபோது பாதித் தளம் மூடியாகிவிட்டது. நல்ல நேரம் காலையிலேயே முடிகிறதாம். குழாய்கள் எல்லாம் நான் குறித்த இடத்தை விட்டுவிட்டு அவர் அறைச் சுவரில் இறங்கியிருந்தன.

"யாரு இப்படி இறக்கச் சொன்னது?"

"நான்தான். காஞ்ச பிறகு யாராலயும் மாத்த முடியாதுல்ல?"

"ஒடைச்சாத்தான்."

"அப்ப சரி. கறிச்சோறு இருக்கு, சாப்பிட்டுட்டுப் போ."

கோபத்தோடு சாப்பிட்டேன். பந்தியின் ஒரு கோடியில் ராசேந்திரன், மறு கோடியில் பழனிவேல். நடுவில் கரண்டியோடு அண்ணன். அன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

அவர்கள் வீட்டில் குடியேறிய பிறகு புகார்கள் தொடங்கின. வாரம் தவறாமல் நெட்டு போச்சு. எப்போதும் சாயங்காலம். நான் போய் இறங்கினால் பெட்டியில் எல்லா விளக்கும் எரியும். கேபிளைச் சோதித்தேன், ஃபைபரைச் சோதித்தேன், பெட்டியையே மாற்றினேன். பிளக் பாயிண்ட் தளர்ந்திருந்தது. அதை மாற்றலாம் என்றால், "அது கெடக்கட்டும்" என்று தடுத்துவிடுவார். அரியலூரில் என் பேர் கெட்டது. பெரம்பலூர்ப் பையன் போட்ட லைன் நிற்காது என்று பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் செந்துறையில் வேலை முடித்துத் திரும்பும் வழியில், சொல்லாமல் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே பார்த்தேன். அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து, முள் எடுப்பதைப் போல இரண்டு விரலால் பிளக்கைப் பாதி பிடுங்கி, பாயிண்டிலேயே தொங்கவிட்டார். திரும்ப உட்கார்ந்து பேப்பரை விரித்தார். கொஞ்ச நேரத்தில் ராசேந்திரன் இறங்கி வந்தார்.

"அண்ணே, நெட்டு போச்சு."

பின்னாலேயே பழனிவேல் வந்து சுவரைப் பார்த்துச் சொன்னார். "மேலயும் போச்சுன்னு சொல்லுங்க பெரியண்ணே."

"உக்காருங்க, வரும்" என்றார் அண்ணன். பிறகு ராசேந்திரனிடம், "நாளைக்கு லோடுக்கு எந்த வண்டின்னு அவனக் கேளு." எதிரெதிரே இருந்தவர்கள் அவர் வழியாகவே கேட்டுப் பதில் சொன்னார்கள். அந்தப் பேச்சு ஓய்ந்தபின் பழனிவேல் பொறுமை இழந்து, "சின்னண்ணே, அந்த பிளக்க கொஞ்சம் ஆட்டிப் பாருங்க" என்றார். ராசேந்திரன் எழுந்து அழுத்தி ஆட்டினார். விளக்குகள் எரிந்தன. அண்ணன் பேப்பரை இறக்கவே இல்லை.

அவர்கள் மாடிக்குப் போன பிறகு அவரைப் பிடித்தேன். "ஏண்ணே, ஒங்க தம்பிங்க பேசறதுக்கு என் பேரா கெடணும்?"

"லைன் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆளுங்கதான் சரியில்ல" என்றார். "நீ போட்டது சரின்னு எனக்குத் தெரியுமுல்ல? அப்புறம் என்ன?" ஜெயங்கொண்டம் முந்திரி ஒரு பொட்டலம் கையில் திணித்தார். முந்திரியைத் தின்றேன். அடுத்த வாரமும் அழைப்பு வந்தது, அடுத்த வாரமும் போனேன்.

கருமாதிக்குப் போயிருந்தேன். பந்தலில் ராசேந்திரன் என்னைத் தனியாக அழைத்து, பெட்டியை முதல் மாடிக்கு மாற்றித் தரச் சொன்னார். பழனிவேல் வேறு மூலைக்கு அழைத்துப் போய், தனக்குத் தனி லைன் வேண்டும் என்றார். அண்ணனின் அறைக் கதவில் இரண்டு பூட்டுகள் தொங்குகின்றன. ஆளுக்கொன்று. உள்ளே பிளக் பிடுங்கியபடியே கிடக்கிறது போலிருக்கிறது. அவர் போனதிலிருந்து வீட்டில் நெட்டு இல்லை, ஷெட்டில் பில் போட முடியவில்லை. ஒருவர் சாவியால் மட்டும் அந்தக் கதவு திறக்காது. இருந்திருந்தால் அண்ணன் பேப்பருக்குப் பின்னால் சிரித்திருப்பார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வரிதான்: லைன் நல்லாத்தான் இருக்கு. இதை அவர் தம்பிகளும் படிப்பார்கள். படிக்கட்டும். நான் செய்யப் போவது இவ்வளவுதான்.

1. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை அரியலூர் போவேன். இருவருக்கும் ஒரே நேரம் சொல்வேன்.

2. இரண்டு சாவியும் வராமல் வேலையைத் தொடங்க மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் படியில் உட்கார்ந்திருப்பேன்.

3. பெட்டியைத் தூசு தட்டி அதே சுவரில் மாட்டுவேன். அது தவறான இடம். இப்போதும் சொல்கிறேன், தவறான இடம்.

4. தனி லைன் போட முடியுமா என்று கேட்டால், முடியும் என்பேன். போட மாட்டேன்.

5. பிளக்கை நான் செருக மாட்டேன். அவர்களில் ஒருவர் செருகட்டும், மற்றவர் விளக்கு எரிகிறதா என்று பார்த்துச் சொல்லட்டும்.

6. தளர்ந்த பிளக் பாயிண்டுக்குப் பதிலாக வாங்கிய புதியது ஒரு வருடமாக என் பையில் கிடக்கிறது. அதை வேறு யார் வீட்டுக்காவது போட்டுவிடுவேன்.