மாமா பாடாத வரி

பெரியப்பா செத்த மறுநாள் எனக்கு இருந்த பயமெல்லாம் பிணத்தைப் பார்த்து அல்ல, பாட்டை நினைத்துத்தான்.

எங்கள் திருவொற்றியூர் பக்கம் சாவு வீட்டில் கானா பாடுவார்கள். என் தாய்மாமாவுக்குப் பேர் வாங்கித் தந்ததே அதுதான். வீட்டு ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, செத்தவரிடம் கடைசியாக என்ன பேசினாய் என்று கேட்பார். அதை ஆளுக்கு ஒரு வரியாகக் கட்டி மைக்கில் பாடுவார். தெருவே அழும். அவருக்கும் பெரியப்பாவுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கேரம் போர்டில் தொடங்கிய சண்டை. ஆனாலும் சாவுக்கு முதல் ஆளாக வந்து நின்றார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. முந்தின நாள் காலையில் மாடியில் நான் விட்ட காத்தாடியைப் பெரியப்பா பிடுங்கிக் கிழித்துப் போட்டார். மாஞ்சா நூல் யார் கழுத்தையாவது அறுத்துவிடும் என்பது அவர் கவலை. "நீ செத்துப் போ" என்று கத்தினேன். சிரித்துக்கொண்டே சாத்தாங்காட்டு இரும்புக் கடைக்கு வேலைக்குப் போனவர், மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

மாமா என்னைக் கூப்பிட்டார். பொய் சொல்லலாம் என்றுதான் போனேன். ஆனால் ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து பெரியப்பா கேட்டுக்கொண்டிருப்பது போலிருந்தது. உண்மையையே மாமா காதில் சொன்னேன்.

"வேற யாருக்குனா தெரியுமா?"

"தெரியாது. பாடிடாத மாமா."

"செரி, போய் பெரிம்மா பக்கத்துல குந்து."

பாடுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பாட்டு தொடங்கியது. "மீன் கொழம்பு வெச்சிகீறேன், சீக்கிரம் வந்துடு" என்று பெரியம்மா சொன்னது ஒரு வரி. "பைக் சாவி எங்க நைனா" என்று அவர் மகன் கேட்டது ஒரு வரி. அடுத்து நான்தான். எதிர்வீட்டுக்காரர் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். கொன்றவள் இவள்தான் என்று ஊருக்கே தெரியப்போகிறது.

மாமா மைக்கைக் கீழே இறக்கினார். ஒரு சுற்று முழுக்க மோளம் மட்டும் அடித்தது. அதுவரை அழாதவர்களும் அப்போது அழுதார்கள். பிறகு மாமா அடுத்த அடிக்குப் போய்விட்டார்.

என்னைக் காப்பாற்றத்தான் அந்த வரியை விழுங்கினார் என்று பல வருஷம் நம்பினேன். அந்த நன்றியில், அவர் கேட்பதற்கு முன்பே ஓடிப்போய் டீ வாங்கி வருவேன்.

அந்த வீடியோவைப் போன மாதம்தான் முழுதாகப் பார்த்தேன். மோளம் தனியாக அடிக்கும்போது மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. பெரியப்பாவின் முகத்தையே பார்த்தபடி நிற்கிறார். வாய் திறந்து திறந்து மூடுகிறது. அந்த வீட்டில் எல்லோருக்கும் கடைசிப் பேச்சு என்று ஒன்று இருந்தது, எனக்கும்கூட. அவருக்குத்தான் இல்லை.