அப்பல்லாம் எடுப்பேன், நாளைக்கும் எடுப்பேன்

1. வா, வாங்க

லிஸ்பனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளியை "இங்க வாடா" என்று கூப்பிட்டவள் நான்.

வேண்டுமென்று கூப்பிடவில்லை. பெரிய சமையல்காரர் காலையிலிருந்து என்னைப் பார்த்து "வேம் கா" என்று கத்திக்கொண்டிருந்தார். இங்கே வா என்கிறார் என்று கையைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். மத்தியானம் முதலாளி வந்து ஈரத் தரையில் நின்றார். வழுக்கி விழப்போகிறாரே என்று நானும் "வேம் கா" என்றேன். சமையலறையே சிரித்தது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

அவரிடம் "வேஞ" என்று சொல்லியிருக்க வேண்டுமாம். வாவுக்கும் வாங்கவுக்கும் உள்ள வித்தியாசம். இலங்கை மலைநாட்டில் வட்டவளையில் பிறந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் நாம் ஒரு 'ங்க' சேர்த்து வேலையை முடித்துவிடுகிறோம். போர்த்துக்கீசியத்தில் வினைச்சொல்லே வேறு உருவம் எடுக்கிறது. அதைத் தனிப் பாங்கு என்கிறது இலக்கணப் புத்தகம். ஆசை, சந்தேகம், மரியாதை, இன்னும் நடக்காத காரியம் எல்லாம் அந்தப் பாங்கில்தான் வரும்.

அந்தச் சமையலறையில் பதினான்கு வருஷம் நின்றேன். கடைசி நாள் வரைக்கும் என்னிடம் "த்ராஷ்" என்றுதான் சொன்னார்கள். கொண்டா என்று அர்த்தம். "த்ராக", அதாவது கொண்டு வாங்க, என்று ஒருவரும் சொன்னதில்லை. இந்த இரண்டு சொல்லையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

2. போர்டு

ஊருக்குத் திரும்பி, கினிகத்தேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் வகுப்பு ஆரம்பித்தேன். போர்த்துக்கலில் பழப் பண்ணைகளுக்கு ஆள் எடுக்கிறார்கள், கொஞ்சமாவது பேசத் தெரிந்தவர்களைத்தான் எடுக்கிறார்கள் என்பதால் ஏழு பேர் வந்தார்கள். என்னை டீச்சர் என்று கூப்பிடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நான் படித்தவள் இல்லை. திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவள். திட்டித்தான் சொல்லிக்கொடுப்பேன்.

கடைக்கார நானா, அந்த முஸ்லிம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம், ஒரு நாள் மேலே வந்து, "தங்கச்சி, நீங்க ஏசுற ஏச்சுல சாமான் வாங்க வந்தவங்க எல்லாம் போர்த்துக்கீஸ் பேசிக்கிட்டுப் போறாங்க" என்றார். வாடகையை ஏற்றவில்லை. நல்ல மனுஷன்.

போர்டில் முதலில் எழுதியது 'பறிப்பது' என்ற வினையை. பண்ணைக்குப் போகிறவர்களுக்கு அதுதானே சோறு. மூன்று வரி எழுதினேன்.

எடுத்தேன் – அபஞேய்.
எடுக்கிறேன் – அபாஞு.
எடுப்பேன் – அபஞரேய்.

இறந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம். முடிந்தது கதை என்று சாக்கட்டியைக் கீழே வைத்தேன். அந்த மூன்றாவது உருவத்தைப் பதினான்கு வருஷத்தில் சமையலறையில் ஒருவர் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. அங்கே நாளைய வேலையைச் சொல்ல வேறு சுலபமான வழி இருக்கிறது. புத்தகத்தில் பார்த்தேன், பெரிய படிப்பு மாதிரித் தெரியட்டும் என்று எழுதினேன். அந்தப் பகட்டுக்குத்தான் பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

3. செல்வராணியின் நேர்முகம்

ஏழு பேரில் செல்வராணிக்கு முப்பத்தொன்பது வயது. வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினாறு வருஷம் கொழுந்து எடுத்தவள். அவள் வேலை செய்த மலையைக் காடாக விட்டுவிட்டார்கள். அதன் பிறகு ஒரு பேக்கரியில் நின்றாள். புருஷன் ரவி போர்த்துக்கலில் ஒரு பண்ணைக்குப் போய் மூன்று வருஷம். அந்தப் பண்ணை மறுபடி ஆள் எடுத்தது. புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் வேலை செய்தால் தனி அறை தருவார்கள். அவளுக்கு வேண்டியது அந்த அறை. ஆனால் பறித்துப் பழக்கம் உள்ளவர்களைத்தான் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

பண்ணை மேற்பார்வையாளர் பெயர் டோனா லூர்திஷ். நம்ம ஊர் லூர்து அம்மாதான், அங்கே அப்படிச் சொல்வார்கள். வீடியோ காலில் பேசினார். நான் கேமராவில் படாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை.

பெயர், வயது எல்லாம் ஒழுங்காகச் சொன்னாள். தேயிலைத் தோட்டத்தில் என்ன வேலை செய்தீர்கள் என்று டோனா லூர்திஷ் கேட்டார். செல்வராணி நிமிர்ந்து உட்கார்ந்து, கணீரென்று பதில் சொன்னாள். விடியமுன் எழும்புவேன், கொழுந்து எடுப்பேன், கூடையைச் சுமப்பேன். ஒவ்வொன்றும் ரேய், ரேய் என்று முடிந்தது.

அந்த அம்மாளின் முகம் மாறியது. நீங்கள் வேலை செய்திருக்கிறீர்களா, இல்லை இனிமேல்தான் செய்யப்போகிறீர்களா என்று கேட்டார். கேள்வி முழுதாகப் புரியாமல் செல்வராணி "சிம், சிம்" என்றாள். ஆமாம், ஆமாம். அவர் என்னவோ எழுதிக்கொண்டு நன்றி சொல்லி லைனைக் கட் பண்ணினார்.

பதினாறு வருஷம் கொழுந்து எடுத்தவள், தேயிலைச் செடியையே பார்க்காதவள் மாதிரிப் பேசிவிட்டாள். இனிமேல்தான் எடுக்கப்போகிறாளாம்.

4. கொப்பி

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. புருஷனோடு இருக்க ஆசை இருந்தால் மூளையையும் கொஞ்சம் கொண்டுவந்திருக்கலாமே என்று கூடச் சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. பையிலிருந்து கொப்பியை எடுத்தாள். போர்டில் எழுதியதை அப்படியே, கோடு போட்டு, இரண்டு நிறத்தில் எழுதி வைத்திருந்தாள். மூன்றாவது வரியில் விரலை வைத்தாள்.

"எடுப்பேன்னா இதுதான்னு நீங்கதாங்கக்கா எழுதுனீங்க."

"அது நாளைக்கு எடுக்கிறதுக்குடி."

"அப்ப நேத்து எடுத்ததுக்கு?"

"அதான் மேல இருக்கே, எடுத்தேன்னு."

"அது ஒரு நாளைக்குத்தானேங்கக்கா. பதினாறு வருசத்துக்கு எப்புடிச் சொல்றது? அப்பல்லாம் விடிய முந்தி எந்திரிப்போம், பெரட்டுக் களத்துல போயி வேலைக்குப் பேரு குடுப்போம், கொழுந்து எடுப்போம். நாங்க அப்புடித்தானே சொல்லுவோம்?"

 அவள் சொன்னது சரி. அவள் சொன்ன சொல் ஒவ்வொன்றும் எதிர்கால உருவம், ஆனால் ஒன்றுகூட எதிர்காலம் இல்லை. என்றைக்கோ வழக்கமாகச் செய்த வேலையைச் சொல்கிறாள். தமிழில் பழைய வழக்கமும் நாளைய வேலையும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். பிறந்ததிலிருந்து இப்படியேதான் பேசுகிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை. போர்த்துக்கீசியத்தில் பழைய வழக்கத்துக்கென்று தனியாக ஓர் இறந்த காலம் இருக்கிறது. அபஞாவ. அப்பல்லாம் எடுப்பேன். சமையலறையில் தினமும் கேட்ட உருவம். அதைப் போர்டில் எழுதாமல் விட்டவள் நான்.

5. ஐந்து நிமிஷம்

டோனா லூர்திஷுக்கு போன் எடுத்தேன். பிழை அவளுடையது இல்லை, என்னுடையது, தயவுசெய்து இன்னொரு தடவை கேளுங்கள் என்றேன். அந்த மரியாதைப் பாங்கு என் வாயில் லேசில் வராது. அன்றைக்கு வந்தது. வியாழக்கிழமை ஐந்து நிமிஷம் தருகிறேன், அதற்கு மேல் இல்லை என்று வைத்துவிட்டார்.

கையில் மூன்று நாள் இருந்தது. நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். விதியைக் கண்டுபிடித்தது செல்வராணிதான். "முன்னுக்கு 'அப்பல்லாம்' போட்டுப் பாப்போங்கக்கா. சரியா வந்துச்சுன்னா ஆவ. 'நாளைக்கு' போட்டுச் சரியா வந்துச்சுன்னா ரேய்." எந்த இலக்கணப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. போர்டில் நான்காவது வரியாக எழுதினேன்.

சாப்பிடுவதற்கு ஆவ வராது, குமீய என்று வரும். அதற்கு ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். கொப்பியைப் புரட்டினாள். நானே எடுத்துக்கொடுத்தேன், ரவி தனியாகச் சாப்பிடுவார் என்று சொல்லு, ரவி குமீய என்று. அவர் ராத்திரிச் சாப்பாட்டில் போனைக் கோப்பையில் சாய்த்து வைத்து இவளோடு பேசிக்கொண்டே சாப்பிடுவது வகுப்பு முழுக்கத் தெரியும்.

"அதச் சொல்ல மாட்டேங்கக்கா."

"ஏன்?"

"அப்பல்லாம்னா முடிஞ்சு போனதுக்குத்தானே. அவரு இன்னமும் தனியாத்தானே சாப்புடுறாரு."

வேறு வாக்கியம் கொடுத்தேன். அன்றைக்கு அதற்குப் பிறகு நான் யாரையும் ஏசவில்லை. கீழேயிருந்து நானா, தங்கச்சிக்குச் சுகமில்லையா என்று விசாரித்து அனுப்பினார்.

6. வியேர்

வியாழக்கிழமை அதே கேள்வி வந்தது. செல்வராணி ஒரு நொடி கண்ணை மூடினாள். 'அப்பல்லாம்' போட்டுப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். பிறகு ஆவ, ஆவ என்று வந்தது. ஓரிடத்தில் தடுக்கியது, அவளே திருத்திக்கொண்டாள். எப்படிப் பறிப்பீர்கள் என்று கேட்டதற்குச் சொல் கிடைக்கவில்லை. இரண்டு கையையும் தூக்கி வெறும் காற்றில் பறித்துக் காட்டினாள். டோனா லூர்திஷ் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் தலையசைத்து ஒரே வரி சொல்லிவிட்டு லைனைக் கட் பண்ணினார். "க்வாந்து வியேர், த்ராக போத்தஷ்." செல்வராணி என் பக்கம் திரும்பினாள்.

"பூட்ஸ் கொண்டாரச் சொன்னாங்க. 'வந்தா' கொண்டாரச் சொன்னாங்களா, 'வரும்போது' கொண்டாரச் சொன்னாங்களா?"

இரண்டுக்கும் வியேர்தான். நடக்காத காரியம் என்பதால் அந்தத் தனிப் பாங்கில் வரும். வித்தியாசம் முன்னால் உள்ள சொல்லில். 'ஸ' என்றால் வந்தா, வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். 'க்வாந்து' என்றால் வரும்போது. வருவது நிச்சயம்.

"க்வாந்துன்னு சொன்னாங்க" என்றேன்.  அவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கீழே நானாவிடம் பூட்ஸ் இருக்கிறதா என்று கேட்கப் போனாள்.

இன்னொன்றும் காதில் விழுந்திருந்தது. அந்த அம்மாள் த்ராஷ் என்று சொல்லவில்லை. த்ராக என்றார். கொண்டு வாங்க. வேலையில் சேருவதற்கு முன்னாலேயே அவளுக்கு அது கிடைத்துவிட்டது. எனக்குப் பொறாமையாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

7. இப்போது வகுப்பு எடுக்கிறவர்களுக்கு

படிக்கிறவர் பிழை விட்டால் முதலில் போர்டைப் பாருங்கள். பிறகு அவர் வீட்டில் அதே விஷயத்தை எப்படிப் பேசுவார் என்று கேளுங்கள். பிழை அங்கேயிருந்து ஒழுங்கான காரணத்தோடுதான் வந்திருக்கும். ஏசுவது அதற்கும் பிறகு. பெரும்பாலும் அதற்குத் தேவை இருக்காது. நான் இன்னும் ஏசுகிறேன், அது என் வியாதி.

செல்வராணி போய்ச் சேர்ந்த வாரத்தில் எனக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது. வணக்கம்கூட இல்லை. பின்னால் தட்டுச் சத்தம், ரவி சிரிக்கும் சத்தம். போர்த்துக்கீசியத்தில் ஒரே வாக்கியம். ரவி தனியாகச் சாப்பிடுவார். குமீய என்றாள்.

முதல் தடவை பிழை இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. இரண்டாவது தடவை சும்மா கேட்டேன்.