பாஸ்போர்ட் பார்த்து வராதவர்

என் அலுவலகத் தோழிக்குப் பிரெஞ்சு குடியுரிமை உண்டு. அவள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். ஒருகாலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய சீர்வரிசை கிடையாது; கட்டிக்கொள்கிறவனுக்கும் பிரான்ஸ் போக வழி திறந்துவிடும். முதல் கணவன் அதற்காகத்தான் அவளைக் கட்டினான். பாரிஸில் காகிதங்கள் கைக்கு வந்ததும் கழற்றிவிட்டான். அவள் நெல்லித்தோப்புக்கே திரும்பி வந்து, நாற்பது வயதுக்கு மேல் ஒரு டேட்டிங் ஆப்பில் சேர்ந்தாள். குடியுரிமையைப் பற்றி அதில் மூச்சுவிடவில்லை.

லாஸ்பேட்டையில் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் அதில் அவளோடு பேசத் தொடங்கினார். மனைவியை இழந்தவர். கடற்கரையில் சந்தித்தார்கள். சுண்டலில் மாங்காய்த் துண்டுகளையெல்லாம் அவர் இவள் பக்கம் ஒதுக்கிய கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் கிண்டல் செய்தேன். உள்ளுக்குள் எனக்கும் சந்தோஷம்தான்.

சேரும்போது அந்த ஆப் அடையாள அட்டையின் படம் கேட்டிருந்தது. ஆதாரைக் கொடுத்தால் யாராவது ஏமாற்றிவிடுவார்கள் என்று பயந்து, இந்தப் புத்திசாலி தன் பிரெஞ்சு பாஸ்போர்ட்டைக் கொடுத்திருக்கிறாள்! ஒருநாள் அந்த நிறுவனத்திடமிருந்து மெயில் வந்தது: தகவல்கள் திருடுபோய்விட்டன, வருந்துகிறோம். வருந்தி என்ன பிரயோஜனம்? அதற்குள் பாஸ்போர்ட் படமும் போன் நம்பரும் வாட்ஸாப்பில் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தன.

“இந்த வயசுல இதெல்லாம் தேவையா?” என்று முகம் சுளித்த அதே உறவினர்கள், தம்பிக்கு, மச்சானுக்கு என்று ஜாதகத்தோடு வந்து நின்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லாஸ்பேட்டைக்காரர் மட்டும் போன் செய்யவே இல்லை. மறைத்துவிட்டாளே என்று வெறுத்துவிட்டாரோ என, சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை.

நானே அவருக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

“கோவமெல்லாம் இல்லைங்க. எல்லாரும் அதுக்குத்தான் வர்றாங்களாம். இப்பப் போய் நானும் நின்னா, பாஸ்போர்ட்டப் பாத்துட்டு வந்தவன்னுதான நெனைப்பாங்க?” என்றார்.

அதை அப்படியே அவளிடம் சொன்னேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

“எங்கடி போற?”

“லாஸ்பேட்டைக்கு. வழியில பூவும் பழமும் வாங்கணும். அவரு வரமாட்டாரு, நான்தான் மாப்பிள்ள பாக்கப் போவணும். நீயும் ஏறு, தனியாப் போனா நல்லா இருக்காது.”